மழையா என்று கேட்காத கம்ப்யூட்டர்

சின்னசேலத்தில் ஒரு மக்காச்சோள மண்டியில் ஆர்டர் பார்க்கும் வேலை எனக்கு. நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றுதான் எங்கள் பெரிய வாடிக்கை. அங்கே கொள்முதல் பார்த்த அக்கா தினமும் காலையில் போன் செய்வார். நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. "ஏனம்மிணி, அங்க மழைங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். இந்த அம்மாவுக்கு வேறு பேச்சே கிடையாதா என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

அப்புறம் அவர்கள் கம்ப்யூட்டரும் எங்கள் கம்ப்யூட்டரும் நேராகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தன. ஆர்டர் தானாக வரும், லோடு விவரம் தானாகப் போகும். எனக்கு ஒரே வேடிக்கை. நடுவில் ஆளே இல்லாமல் எப்படித்தான் போய்ச் சேருகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவின் போன் நின்றுபோனது. உண்மையைச் சொன்னால், தொல்லை விட்டது என்றிருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த மார்கழி அது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மக்காச்சோளம் சரியாகக் காயவில்லை. ஈரம் என்று ஏற்கெனவே ஒரு லோடு திரும்பி வந்திருந்தது. இன்னொன்று தவறினால் வாடிக்கையே போய்விடும். மறுநாள் மறியல் என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது கேட்டபடி லாரி கிளம்பி, ஆத்தூர் தாண்டுவதற்குள் மாட்டிக்கொண்டது.

"ரோட்லயே நின்னுக்கினு கீறேங்க. தார்ப்பாய்க்குள்ள சோளம் சூடாவுது, இன்னா பண்ண?" என்றார் டிரைவர் போனில்.

தாமதத்துக்குக் காரணம் கேட்டது திரை. மழை, வண்டிப் பழுது, விடுமுறை என்று மூன்றுதான் இருந்தன. மறியலை எங்கே போடுவது? நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே ஆர்டர் ரத்தாகிவிட்டது. அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மறியல்னு தெரிஞ்சா நான் முந்தின நாளே வண்டி கேட்டிருப்பனே அம்மிணி. மழைன்னா, காய வெச்சு ரெண்டு நாள் கழிச்சு அனுப்பச் சொல்லுவேன். அதுக்குத்தான தினமும் கேக்கறது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இப்பவாவது ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. லோட உள்ள விடச் சொல்லுங்க."

"நான் அங்க இல்லீங்க அம்மிணி. கம்ப்யூட்டரே பாத்துக்கும்னு என்னை ஆடி மாசமே நிறுத்திப்போட்டாங்க."

"அப்போ நான் யார்கிட்டக்கா பேசறது?"

"வெளிய வர்றப்ப நானும் அதத்தான் அம்மிணி கேட்டேன்."