பிரேக் பிடியின் அடியில் ஈரம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘சொட்டு’ என்று பெயர். வண்டியில் ஒழுகல் கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. எந்த மெக்கானிக் கையை விரித்தாலும், “சொட்டுகிட்ட தள்ளிட்டுப் போ” என்பார்கள். வீட்டில் குழாய் சொட்டினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாஷர் மாற்றிவிட்டு வருகிற பிறவி. நான் அவர் பட்டறையிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் உட்காருகிறேன். இந்த மனிதரோடு குப்பை கொட்டி இருபத்தோரு வருஷம் ஆகிறது.

எட்டு மாதமாக எங்கள் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் காதில் விழவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதி இறந்து போனார். வண்டி மண்ணில் சரிந்ததால் அதற்குப் பெரிய சேதம் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இவர் அந்தப் பழைய பைக்கில் முன் பிரேக்குக்கு ஆயில் போகிற ஹோஸை மாற்றி, சக்கரத்துப் பக்கம் அது சேருகிற இடத்தில் புதுச் செப்பு வாஷர் போட்டுக் கொடுத்திருந்தார். உன் வேலையால்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். அழவும் இல்லை, அந்த வண்டியைத் திறந்து பார்க்கவும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினார், சாயங்காலம் இறக்கினார். எது கேட்டாலும் “ம்”. சுவரோடு குடித்தனம் நடத்தினால்கூட இரண்டு பேச்சு எதிரொலிக்கும்.

போன வாரம் அவருடைய அண்ணி வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எனக்கு அக்கா முறை. மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அப்பா வண்டியில்தான் போவேன் என்கிறாளாம். ஓரத்தில் நின்ற வண்டி மாதிரியே இல்லை, கண்ணாடி மாதிரி மின்னியது. அண்ணன் இருந்த காலத்திலிருந்து தினமும் காலையில் அதைத் துடைப்பது அக்காதான். இப்போதும் நிறுத்தவில்லை. கையில் அதே மஞ்சள் துணி.

“பிரேக் மட்டும் நல்லாப் பாத்துக் குடுங்க தம்பி. சாயங்காலம் வரேன்.”

அவர் “ம்” என்றார்.

வண்டி முழுவதையும் கழுவித் துணியால் ஒற்றினார். புது பிரேக் ஆயில் ஊற்றி, ஹோஸில் இருந்த காற்றை வெளியேற்றினார். ஒவ்வொரு மூட்டிலும் நியூஸ்பேப்பரைக் கிழித்துச் சுற்றிவிட்டு, பிரேக் பிடியை இழுத்துப் பழைய டியூப் துண்டால் ஹேண்டிலோடு கட்டினார். ஒழுகல் எங்கே இருந்தாலும் அந்த இடத்துக் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். நாலு மணி நேரம் விட்டார். எனக்கு வியாபாரத்தில் புத்தி போகவில்லை. கீழே, அவர் வாஷர் போட்ட இடத்துக் காகிதம் மட்டும் நனையக் கூடாது என்று இருப்புக் கொள்ளாமல் தவித்தேன்.

கீழ்க் காகிதம் மொறமொறவென்று இருந்தது. நனைந்தது மேலே, பிடியின் அடியில். உள்ளே பிஸ்டனின் ரப்பர் சீல் வயதாகித் தேய்ந்திருந்தது.

“பாத்தீங்களா? நீங்க போட்டது காஞ்சு கெடக்கு! உங்க மேல தப்பே இல்ல!” என்று கத்தினேன்.

“ம். ஆனா இது ஒரு நாள் கசிவு இல்ல. மாசக்கணக்கா இருந்திருக்கு. அழுக்குப் பிடிச்சு அடை அடையா நிக்கணும். அன்னிக்கு ஹோஸ் மாத்த இங்க வந்தப்பவும் வண்டி சுத்தமாத்தான் இருந்துது. எப்படி?”

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். ஈரக் காகிதத்தைப் பார்த்தார்.

“அட, அங்க எப்பவும் கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கும் தம்பி. பனியா இருக்கும்னு தொடச்சு விட்டுடுவேன். அவர் வண்டி எடுக்கறப்ப கையில ஒட்டக் கூடாதுல்ல? ஏன், அது ஒண்ணும் இல்லையே?”

நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“அது ஒண்ணும் இல்ல அண்ணி. கீழ நான் போட்ட வாஷர்தான் சரியில்ல.”

எட்டு மாதமாக எந்த வார்த்தைக்குப் பயந்து வாய் மூடிக் கிடந்தாரோ, அதைப் பொய்யாகச் சொன்னார். அக்கா அவரையே பார்த்தார். “போகட்டும் தம்பி. வேணும்னா செஞ்சீங்க?” என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லாப் பெட்டியைத் தூக்கி அடித்திருப்பேன்.

வீட்டுக்காரர் புது ரப்பர் சீல் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். மாட்டி முடித்து, பிடியை இருபது தடவை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. அக்கா கிளம்பும் முன், பழக்க தோஷம், மஞ்சள் துணியால் பிடியின் அடியை ஒரு இழுப்பு இழுத்தார்.

வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்தப் பிடியைப் பிடிக்கப் போவது அண்ணன் மகள்.

“அண்ணி.” குரல் தட்டையாகத்தான் இருந்தது. “இனிமே அந்த இடத்தத் தொடைக்காதீங்க. ஈரம் தெரிஞ்சா அப்படியே விட்டுட்டு எனக்கு போன் பண்ணுங்க.”

அக்கா பிடியிலிருந்து துணியை எடுக்கவில்லை. பிடியைப் பார்த்தார், கீழ் மூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா துணியை நாலாக மடித்து என் கவுன்டரில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இன்னும் அது அங்கேதான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடுவதில்லை.