கேட்காமல் மாற்றியது

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. சுபஹுத் தொழுதேன். கிணற்று மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பினேன். பாணும் பருப்பும் சாப்பிட்டேன். பிறகு என் மனைவியையும் ராத்தாவையும் முந்தலில் ஒரு கலியாண வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

ராத்தா என் மூத்த சகோதரி; ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. சீனி வருத்தம் என்னும் நீரிழிவில் இரண்டு கண்ணும் போன பிறகும் பாடம் சொல்லிக்கொடுப்பதை அவர் விடவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் வருவார்கள். திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் பழைய மென்பொருள் ஒன்று அவருடைய கணினியில் இருந்தது. கரகரத்த குரல், அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அதைக் கேட்டபடி குறிப்புகளைத் தானே தட்டுவார், தானே திருத்துவார், உதவிக்கு யாரையும் கூப்பிடமாட்டார்.

அந்தக் கணினியின் இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் அன்றோடு நின்றுபோகும். புதியதற்கு மாற்றிவிடுவோம் என்று மாதக்கணக்காகச் சொல்லிவந்தேன். “நான் சொல்றது அதுக்கு விளங்குது, அது சொல்றது எனக்கு விளங்குது. நடுவுல நீ என்னத்துக்கு தம்பி?” என்று சிரிப்பார். எனக்கோ எதுவும் நாள் தவறக்கூடாது. அந்தப் பகலில் அவருடைய கதிரையில் போய் உட்கார்ந்தேன். வாசிக்கும் மென்பொருள் புதியதில் இயங்காது என்று திரை எச்சரித்தது. வேறு குரல் இருக்கும்தானே என்று எண்ணி, தொடரச் சொல்லி அழுத்தினேன்.

வேறு குரல் இருந்தது. இனிமையான குரல். ஆனால் ஆங்கிலம் மட்டுமே வாசித்தது. தமிழ் வந்த இடமெல்லாம் மௌனம்.

திரும்பி வந்த ராத்தா மறுபடி மறுபடி விசைகளைத் தட்டிப் பார்த்தார். வாசலில் வந்து நின்ற பிள்ளைகளிடம், “இண்டைக்குப் போங்க புள்ளைகள். டீச்சருக்கு வாய் இரிக்கி, மெசினுக்கு இல்ல” என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “எண்ட கண்ணுல கத்தி வெச்ச டொக்டரும் ஒரு சொல்லுக் கேட்டுட்டுத்தான் வெச்சாரு.”

பழையதற்குத் திரும்ப வழி இருந்தது. அதை உடனே செய்துவிடக் கை துடித்தது. அதுவும் அவரைக் கேளாமல்தான் என்பது உறைத்தபோது முகம் காந்தியது. அவருடைய கட்டிலை நகர்த்தியதும் அலுமாரியை அடுக்கிவைத்ததும் இப்படித்தான். அதன் பிறகு ஒரு தாவணிக்காக அவர் எத்தனை தட்டுகளைத் தடவினாரோ, நான் ஒழுங்கு என்று மகிழ்ந்திருந்தேன்.

மறுநாள் காலை முதலில் ராத்தாவின் அறைக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. இவ்வளவு காலமும் நேரே உள்ளே நுழைபவன், கதவு நிலையில் தட்டி, “வரலாமா ராத்தா?” என்று கேட்டேன். அவர் வரச் சொல்லும்வரை வெளியிலேயே நின்றேன்.