கிளம்பலாம் என்று சொன்னவள்

எனக்கு ஓர் ஊர் மேல் பொறாமை. மனிதர் மேல் வந்தால் கேட்கிறவர்களுக்குப் புரியும். நாற்பது வீடும் ஒரு டீக்கடையும் உள்ள ஊர் மேல் ஒருத்தி வயிறெரிந்தாள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எரிந்தது என் வயிறு.

நானும் என் வீட்டுக்காரரும் ஒன்பது வருஷம் வீடு வாசல் வேண்டாம் என்று சுற்றினோம். அவர் கட்டட வரைபடம் போடுகிறவர், நான் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். இரண்டு லேப்டாப், இரண்டு முதுகுப்பை, ஒரு சின்ன குக்கர், அவ்வளவுதான் குடித்தனம். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. யாராவது ஒருவர் "கிளம்பலாம்" என்று சொன்னால் போதும், மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு கடற்கரை ஊரில் எட்டாம் நாளே அவர் சொன்னார். காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னோர் ஊரில், மாடி வீட்டுப் பெண் அவருக்கென்று தனியாகப் பணியாரம் கொடுத்தனுப்பிய மறுநாள் நான் சொன்னேன். அவரும் கேட்கவில்லை. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அவர் வாய் திறக்காத மனிதர். ஆட்டோக்காரரிடம் பேசுவது, வீடு கேட்பது, மெஸ்ஸில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்பது எல்லாம் நான்தான். புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அந்த ஊருக்குப் போகும்வரை எனக்கே தெரியாது.

நாற்பத்தாறு வயதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. போதும், ஓரிடத்தில் உட்காரலாம் என்று பேசினோம். மூன்று ஊர்களைப் பொறுக்கி ஒவ்வொன்றிலும் இரண்டு மாதம் இருந்து பார்ப்பது என்று ஏற்பாடு. முதலில் பண்ணைக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஊர். கொடைக்கானலே வேண்டாம் என்றது நான்தான். சீசனில் ஹாரன் சத்தமும் வருஷம் முழுக்க ஹோம்மேட் சாக்லேட்டும் எனக்கு ஒத்துவராது. கிடைத்தது காப்பித் தோட்டத்தை ஒட்டி இரண்டு அறை வீடு. அதன் சொந்தக்காரி பின்கட்டில் தனியாக இருந்தார். ஐம்பது தாண்டியவர். சின்னப் பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அரை ஏக்கர் காப்பியும் மிளகும் அவர் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டார். பிடித்துப்போனால் முன்வீட்டை எங்களுக்கே விலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அந்த ஊருக்குத் தண்ணீர் மேலே ஓடைக்குள் இருக்கும் ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. எல்லோரும் ஊத்து என்பார்கள், அந்த அக்கா மட்டும் பழைய தோட்டத்து வழக்கத்தில் பீலி என்பார். அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றாகக் கருப்பு ஓஸ் குழாய்கள் காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து நுழைந்து இறங்கி வரும். காட்டுமாடு மிதிக்கும், முள்ளம்பன்றி கடிக்கும், வாரத்துக்கு நாலு இடத்தில் பிய்ந்துபோகும். பிய்ந்த ஓஸை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். யார் வீட்டுத் தண்ணீர் என்று பார்ப்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் கட்டத்தான் வேண்டும். அதற்காகவே தோட்டத்துப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு கத்தியும், சைக்கிள் டியூபை வார் வாராக அறுத்த துண்டுகளும் இருக்கும்.

இதை என் வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். காலையில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகிறவர் பதினோரு மணிக்குச் சேறும் சிரிப்புமாக வந்து நிற்பார். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. அவருக்குச் சீனி குறைவு என்பதை டீக்கடையில் யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். சார் என்று கூப்பிட்டவர்கள் அண்ணன் என்றார்கள், இரண்டு பேர் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். அக்காவுக்குத் தம்பி ஆனார். நான் மட்டும் மேடமாகவே இருந்தேன். நான் வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தால் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, அண்ணன் வரலையா என்று கேட்டார்கள்.

சாப்பிடும்போது அவர் பேச ஆரம்பித்தார். யார் தோட்டத்தில் எந்த ஓஸ் நசுங்கியது, எந்தக் கிழவர் எந்த மாட்டைத் துரத்தினார் என்று பேசிக்கொண்டே போவார். ஒன்பது வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை பேச்சு உள்ளே இருந்ததென்றால் என்னிடம் ஏன் பேசவில்லை? நான் இழுத்துக்கொண்டு அலைந்தது ஒரு பேசாத மனிதரை. பேசுகிற மனிதரை இந்த ஊர் ஒரே மாதத்தில் எடுத்துக்கொண்டது.

ஆறாவது வாரத்தில் அவர் கேட்டார். "மத்த ரெண்டு ஊரையும் பாக்கணுமா? எனக்கு இங்கயே இருந்துரலாம்னு தோணுது."

ஏதோ ஓர் இடத்தைக் காட்டி இது வேண்டும் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்து அவர் ஊற்றுக்குப் போய்விட்டார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரோட்டுக்குப் போகலாம் என்று தோட்டத்து வழியாக நடந்தேன். பாதையோரத்தில் ஓர் ஓஸ் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்துக் காப்பிச் செடியின் வேரைப் பறித்துக்கொண்டிருந்தது. என்னிடம் கத்தி இல்லை, டியூப் இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டு முனையையும் பிடித்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகத் தெரியும், தலைமுடி கட்டிய ரப்பரால் சுற்றத் தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இதெல்லாம் அவருடைய சோலிதானே, ஊரே கொண்டாடுகிற மாப்பிள்ளை வந்து கட்டட்டும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத் தாண்டிப் போனேன். மேலே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

அந்த ஓஸ் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போவது. பிறந்து ஒன்பது நாளான குழந்தை. அந்த வீட்டுக் கிழவி மத்தியானம் வரைக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தாராம். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் பின்கட்டில் அக்கா அவரிடம் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"விடுங்க தம்பி. மேடத்துக்கு நம்ம வழக்கம் என்னா தெரியும்? வந்து போறவங்கதானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விருந்தாளி கை தவறித் தட்டை உடைத்தால் பரவாயில்லை என்போமே, அப்படி என்னை மன்னித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கிளம்பலாம்."

சட்டத்தை உடைத்துக் கேட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்கட்டும் என்றும் இருந்தது. சரி என்றார். பையை எடுத்து வைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அவருடைய டியூப் துண்டுகளையெல்லாம் ஒன்றாகச் சுருட்டிக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினார். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா ஒரு பை மிளகோடு வந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு அவரைக் கண்டிக்கிற மாதிரிப் பார்த்தார்.

"முதுகுக்குக் குளிரு ஆகலையாமே. தம்பி சொன்னாரு. ஒங்களுக்கு இங்கயே இருக்கணும்னு எம்புட்டோ ஆசையாம்ல. இவராலதான் கெட்டுச்சு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பஸ் வருகிற வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒடம்பப் பாத்துக்கங்க மேடம் என்றார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ் ஏறி, மலை இறக்கம் ஆரம்பித்ததும் வாய் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். பொறாமையில்தான் கிளம்பலாம் என்றேன், ஓஸைத் தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போனேன், இப்போதே இறங்கித் திரும்பிப் போய்விடலாம், அங்கேயே இருந்துவிடலாம் என்று அழுதேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பதில் சொன்னார்.

"நீ தெரிஞ்சேதான் போனன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பிறகு, "கெளம்பறதுக்கு ஒருத்தர் சொன்னாப் போதும். இருக்கறதுக்கு ரெண்டு பேரும் சொல்லணும்ல. நீ இப்பத்தான் சொல்லிருக்க. நான் சொல்லும்போது சொல்றேன்."

வத்தலக்குண்டில் இறங்கினோம். அடுத்த ஊருக்கு பஸ் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனை மாத வாடகைக்கு எடுத்தோம். மலை அங்கிருந்து தெரியும். இது ஐந்தாவது மாதம். ஒன்பது வருஷத்தில் நாங்கள் எங்கேயும் இவ்வளவு நாள் இருந்ததில்லை.

அவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. முன்போலவே பேசாமல் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருட்டோடு எழுந்து, சத்தம் போடாமல் குளித்து, மலைக்குப் போகிற முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். சாயங்காலம் கால்சட்டை முழுக்கச் சேறோடு வருகிறார். முன்வீடு இன்னும் சும்மாதான் கிடக்கிறதாம், அக்கா யாருக்கும் கொடுக்கவில்லையாம். இவ்வளவுதான் சொல்வார், நான் கேட்டால்.

போன ஞாயிறும் அவர் எழுந்தபோதே எனக்கு முழிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. நீயும் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போட்ட நைட்டியோடு ஓடியிருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.