கூட ஓடியவர்

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது வயது ஐம்பத்தாறு. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான் இருப்பேன். இதைவிட என்ன உடற்பயிற்சி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். "நிக்கிறது வேறங்க, நடக்கறது வேறங்க. வேர்க்க வேர்க்க நடங்க" என்றார்.

தனியாக நடக்கக் கூச்சமாக இருந்தது. நாங்கள் குடியிருக்கும் மண்ணரையில் அடுத்த வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இருபது வருடமாக இங்கே டெய்லராக இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். விடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவோம். முதல் வாரம் மூன்று சுற்றுக்கே மூச்சு வாங்கியது. இரண்டு மாதத்தில் பத்துச் சுற்று சாதாரணமாகிவிட்டது. சர்க்கரை இறங்கியது, பேண்ட் இடுப்பில் தளர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. நடப்பது போதாமல் ஓட ஆரம்பித்தேன். அவரையும் ஓடவைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை, நான்காவது சுற்றில் அவர் நின்றுவிட்டார். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி. நேத்தும் இப்படித்தான். நின்னா சரியாப் போயிருது."

"ராத்திரி தின்ன பரோட்டாங்க அது. இன்னும் ரண்டு சுத்து ஓடுங்க, ஏப்பம் வந்துரும்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். ஓடினார்.

வியாழக்கிழமை பின்னால் அவர் காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மண்ணில் குப்புறக் கிடக்கிறார். உதடு வெளுத்து, சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஆட்டோவில் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, புதிதாக வாங்கிய செல்போனில் அவர் வீட்டுக்குச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு அவர் மனைவி செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"அண்ணே, முன்னாடி வலிக்குன்னு உங்ககிட்ட ஏதும் சொன்னாவளா?"

"இல்லீங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க."

யோசிக்காமல் வந்த பொய்.

பிழைத்துக்கொண்டார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். பார்க்கப் போயிருந்தபோது, மனைவி என் எதிரிலேயே அவரைத் திட்டினார். "கூட ஓடுற மனுசன்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சொல்லணும்னு தோணலட்டி" என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அந்த அம்மா கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும்போது வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பரோட்டா என்று கேலி செய்தது உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் மறுபடி மைதானத்துக்கு வந்தார், மனைவியோடு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்த அம்மா தினமும் கூடவே நடந்தார். எதிர்ப்படும்போது அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார். அந்த அம்மா கணவனின் முழங்கையைப் பிடித்தபடி நேராகப் பார்த்துப் போய்விடுவார். நான் ஒதுங்கி வழிவிடுவேன்.