அக்காவுக்கு விழுந்த சிவப்புப் பூ

மதுரைக் காலேஜில் படித்த திமிரோடு, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தை வாங்கிக்கொண்டு சின்னமனூர்ப் பக்கமுள்ள எங்கள் ஊருக்கு ஓடினேன். பெரியாறு அணை வேலைக்கு மலையேறிப் போன அக்கா, அந்தக் காய்ச்சலோடு திரும்பி வந்து கிடந்தாள்.

ஆத்தா மருந்தைத் தொடவிடவில்லை. "மாதா உத்தரவு வேணும்" என்று வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து, மாதா சுரூபத்தின் முன் போட்டாள். வெள்ளை வந்தால் மருந்து, சிவப்பு வந்தால் செபம் மட்டும். ஆத்தா எடுத்த மடிப்பில் சிவப்பு இருந்தது.

"பூவுக்கு வைத்தியம் தெரியுமாக்கும்?" என்று கத்தினேன்.

"ஏலே, வாய மூடு. மாதா சொல்லிட்டாக."

பாயிலிருந்து அக்கா முனகினாள். "ஆத்தா, காய்ச்சல் எனக்கு. என்கிட்ட மாதா பேச மாட்டாகளா? செபமாலை சொல்லும்போதெல்லாம் பொழைக்கணும்னு ஆசையா வருது. அத யாரு குடுத்தாக?"

நானும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆத்தா பாயருகில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மருந்தை வாங்கிச் சிலுவை போட்டு, தேனில் குழைத்து ஊட்டினாள்.

"கசக்குது, ஆத்தா."

"மாதா குடுத்தது. முழுங்கு."

அடுத்த வாரம் அக்கா எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு பத்தலை என்று என்னைத் திட்டினாள்.

இப்போதெல்லாம் செபிக்க உட்கார்ந்தால், எனக்குள் என்ன ஆசை எழுகிறது என்று கவனிக்கிறேன். பல நாள் ஒன்றும் எழுவதில்லை. காத்திருக்கிறேன்.