வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்

தண்டலத்தில் ஒரு நீட் பயிற்சி மையத்தில் நான் அட்மிஷன் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு பெண் வந்தார். முப்பதை நெருங்கும் வயது. கம்பெனித் தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் இன்னும் இருந்தது. நான் கொடுத்த தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார், பழகிடுச்சு. குளுக்கோஸ் ஏத்துற டியூப் பண்ற கம்பெனி. தூசி, கீறல் எதுனா கீதான்னு பாக்கறதுதான் என் வேலை. டாக்டருக்குப் படிக்கணும் சார்."

"பிளஸ் டூல எந்த குரூப்?"

"காமர்ஸ்."

முடியாது என்றேன்.

"எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கினு வந்தா?"

பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டையில் கம்பெனி மாறுகிற எவருக்கும் கைகொடுப்பது அந்தக் காகிதம்தான்.

"அது இங்க செல்லாதும்மா. மறுபடி பிளஸ் ஒன்லேர்ந்து சயின்ஸ் படிக்கணும்."

"இந்த வயசுல என்னை எந்த இஸ்கூல்ல சார் உக்கார வெப்பாங்க?"

தகுதி விதிகள் அச்சடித்த தாளை நீட்டினேன். படித்தார். பிறகு அதையும் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எங்காவது ஒரு குறை தென்படாதா என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். கடைசியில், பாஸான டியூபைத் தள்ளிவிடுவதுபோல, தாளை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.