திறக்கக் கூடாத குழாய்

திண்டிவனத்தில் என் மாமா நடத்திய காபி கிளப்பில் உனக்கு என்ன உத்தியோகம் என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால், மேற்பார்வை என்று சொல்லியிருப்பேன். மாமாவைக் கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். பி.ஏ. பரீட்சையை இரண்டு தடவை எழுதியும் அது என்னிடம் மனம் இரங்கவில்லை. படித்த பையனைச் சமையல்கட்டில் விடக்கூடாது என்று மாமா என்னை வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அங்கே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் வருவதற்குச் சற்று முன்பு, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் சாமான்கள் பாண்டிச்சேரியில் ஏலத்துக்கு வந்தன. மாமா போய் ஒரு காபி பாய்லரோடு திரும்பினார். எவர்சில்வர்! அந்த வார்த்தையே அப்போது ஊருக்குப் புதிது. பித்தளையும் ஈயம் பூசிய அடுக்குகளுமாகக் கிடந்த கிளப்பில் அது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. மேல் தட்டில் பொடி, நடுவில் சல்லடை, அடியில் டிக்காக்ஷன் தேங்க ஒரு வயிறு, வயிற்றில் ஒரு குழாய். காபி குடிக்க வந்தவர்கள் அதில் முகம் பார்த்து மீசையைச் சரி செய்துகொண்டு போனார்கள்.

கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. முழுக்கப் பிரெஞ்சு.

"பாண்டிச்சேரியிலே ஆறு மாசம் படிச்சவனாச்சேடா நீ. என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்றார் மாமா.

பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது இரண்டு வந்தனமும் ஒரு வசவும். ஆகவே படங்களைப் படித்தேன். சல்லடையை வெந்நீரில் கழுவும் படம், சரி. அடுத்த பக்கத்தில் குழாயை ஏழு துண்டாகக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தது. கழற்றிக் கழுவு என்கிறான் என்பது பிரெஞ்சு தெரியாதவனுக்கும் விளங்கும். கழற்றும் வேலை என் தலையில்தான் விழும் என்பதும் விளங்கிவிட்டது. வீட்டுக் கடிகாரத்தை ஒரு தடவை நான் பிரித்துப் பூட்டியதில் மிஞ்சிய இரண்டு சக்கரங்கள் அப்போதும் என் பெட்டியில் இருந்தன.

"குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் கழட்டித் திறக்கக் கூடாதாம் மாமா. திறந்தா பாய்லரே போயிடுமாம்."

"வெள்ளைக்காரன் காரணம் இல்லாம எழுதுவானா?" என்று மாமா புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக என்னிடமே கொடுத்தார்.

பாய்லரைத் தேய்ப்பது கிளப்பில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் பொறுப்பு. புருஷன் பினாங்குக்குப் போனவன், கடுதாசி இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். மயிலம் பக்கத்திலிருந்து வந்தவள். அங்கே நிலக்கடலை பிடுங்கும் கொல்லை வேலை என்றால் வருஷத்தில் சில மாதங்கள்தான். எங்கள் கிளப்பில் பன்னிரண்டு மாதமும் வேலை, மத்தியானம் மிஞ்சிய சாதமும் சாம்பாரும் உண்டு. "மல்லாட்டை புடுங்கி முடிஞ்சா வயித்துக்கும் லீவு வுட்டுடுவோம் சாமி. இங்க வந்தப்புறம்தான் அதுக்கு லீவே இல்ல" என்பாள். பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போவாள். அவள் துலக்கிய பாய்லரின் காபியை அவள் கூடத்தில் உட்கார்ந்து குடித்ததில்லை.

துணியில் சலித்த சாம்பல், புளி, தேங்காய் நார். கீறல் விழாமல் பாய்லரைக் கண்ணாடியாக வைத்திருந்தாள். ஆனாலும் இரண்டாவது மாதம் காபியில் ஒரு காறல் தலைகாட்டியது. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை.

"ஓய், இது காபியா, கஷாயமா?" என்றார் ஒருவர். "கஷாயம்னா உடம்புக்காவது நல்லது" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

மாமா நேரே பின்கட்டுக்குப் போனார். "தேய்க்கிறியா, இல்லே அதிலே மூஞ்சி பாத்துண்டு நிக்கிறியா?"

அவள் சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்தாள். எலுமிச்சைத் தோலும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். வாடை போகவில்லை. ஒரு நாள் குழாயின் வாயில் மூக்கை வைத்து மோந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சாமி, நாத்தம் வயித்துல இல்ல, தொண்டையில இருக்குது. டிக்காசன் உள்ள ஒட்டிக்கினு காஞ்சி போயிருக்குது. இந்தக் கொழாயைக் கழட்டிக் குடுங்க, ஜல்தியா தேச்சிக் குடுத்துடறேன்."

மாமா என்னைப் பார்த்தார்.

"புத்தகத்திலே கூடாதுன்னு..." என்றேன்.

"புக்கு எழுதினவரு இங்க வந்து மோந்து பாத்தாருங்களா?"

நகைச்சுவை எனக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. மாமா சிரிக்கவில்லை. "வாய் நீளமாயிடுத்து. நாளையிலேருந்து வரவேண்டாம்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க படிச்சவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

யோசிப்பவன் மாதிரி புத்தகத்தைப் புரட்டினேன். ஏழு துண்டுக் குழாய் இருந்த பக்கம் வந்தது. மூடிவிட்டேன்.

வேறொருத்தி வேலைக்கு வந்தாள். வாடை இருந்த இடத்திலேயே இருந்தது. பத்து நாள் கழித்து, விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு பிட்டர் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் கிளப்புக்குள் நுழைந்தார். ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், எழுந்து போய்க் குழாயை முகர்ந்தார். மாமா ஐயோ ஐயோ என்று ஓடி வருவதற்குள் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கழற்றியே விட்டார். உள்ளே காபி எண்ணெயும் சிக்கரியும் சேர்ந்து தார் போலக் கெட்டித்திருந்தது. கரண்டிக் காம்பால் நெம்ப, ஓடு ஓடாக வந்தது.

"இன்னா சாமி இது! எங்க இஞ்சின் பொகைக்கொழாயே தேவலை போலருக்குதே."

துண்டுகளைச் சுடுசோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, கந்தைத் துணியை முறுக்கி உள்ளே விட்டு இழுத்து, திரும்பப் பூட்டிக் கொடுத்தார். அரை மணி வேலை.

"திறக்கக் கூடாதுன்னியேடா?" என்றார் மாமா.

"பிரெஞ்சு கொஞ்சம் கரடுமுரடான பாஷை மாமா."

கிளப்பே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அதற்கப்புறம் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையை நானே சொன்னேன், நன்றாகவே சொன்னேன். அதில் வெள்ளைக்காரர் வருவார், பிட்டர் வருவார், அசடாக நானும் வருவேன். அவள் வரமாட்டாள். அவளைச் சேர்த்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போயிருந்தேன். ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்கும்போது வழியோரக் கொல்லையில் பெண்கள் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னை முதலில் பார்த்தது அவள்தான்.

"இன்னா சாமி, காபி எப்பிடி இருக்குது?"

"இப்போ நல்லா இருக்கு. நீ சொன்ன மாதிரி குழாயிலேதான் இருந்தது. கழட்டியாச்சு."

"அப்ப புக்குல மாத்தி எழுதிட்டாங்களா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புத்தகத்தில் அப்படி இல்லவே இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வெயில் அதிகம் என்றோ என்னவோ சொன்னேன்.

அவள் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "இந்தக் கொல்லை இன்னும் நாலு நாளைக்கி வரும். அப்பறம் ஒண்ணும் இல்ல. மறுபடி அங்க வரலாமான்னு மாமாவைக் கேட்டுச் சொல்றீங்களா?"

"கேக்கிறேன்" என்றேன்.

ரயிலில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன். அவளை ஏன் திரும்ப எடுக்க வேண்டும் என்று மாமா கேட்பார். ஏன் என்று சொன்னால் எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் இறங்கினபோது அந்த வாக்கியம் சுருங்கி, அவள் சௌக்கியமாக இருக்கிறாள் என்ற அளவுக்கு வந்திருந்தது.

மாமா நல்ல மனநிலையில் இருந்தார். தன் கையாலேயே குழாயைத் திருகி எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டு வந்து வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு மாமா" என்றேன். அன்றைக்கு வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் கொல்லையில் இன்னும் நாலு நாள் வேலை இருந்தது. ஐந்தாவது நாளும் சொல்லவில்லை.